சிங்கப்பூர் ஆறும் நம்மவர் ஓட்டிய தொங்கான்களும்



கொஞ்ச நாளாக நமது ஊர் வட்ஸ்அப் குழுக்களில் இரண்டு படங்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. இரண்டும் சிங்கப்பூர் ஆறு. ஒன்று பழைய கறுப்பு வெள்ளைப் படம். ஆறு முழுக்கத் தோணிகள், தண்ணீரே தெரியவில்லை. மற்றது இன்றைய படம். கண்ணாடிக் கட்டடங்கள், விளக்குகள், கரையோரம் நடந்து போகும் குடும்பங்கள். கீழே ஒரு வரி: "நம்மட ஆத்தங்கரையும் எப்ப இப்புடி ஆகும்?" ஆற்றங்கரையைத் துப்புரவாக்கி நடைபாதையும் தொடர்மாடி வீடுகளும் கட்டப் போகிறார்கள் என்ற பேச்சு எழுந்ததிலிருந்து இந்தப் படங்களுக்கு மவுசு கூடிவிட்டது. வள்ளம் கட்டும் துறையும் மீன் வாடியும் மரக்காலையும் எங்கே போகும் என்று கேட்பவர்களுக்கும் இந்தப் படத்தைத்தான் பதிலாக அனுப்புகிறார்கள்.

வரலாறு படிப்பிக்கும் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. இரண்டு படங்களைக் காட்டினால், நடுவில் என்ன நடந்தது என்று கேட்போம். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறோம். ஆறுதலாக வாசியுங்கள்.

முதலில் அந்தத் தோணிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவை நமக்கு அந்நியமானவை அல்ல.

1819இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் வந்திறங்கியபோது ஆற்றின் தென்கரை சதுப்பு நிலம். 1822இல் திரும்பி வந்தவர் நகரத்துக்கு வரைபடம் போடச் சொன்னார். பக்கத்தில் இருந்த ஒரு குன்றை வெட்டி, அந்த மண்ணைக் கொட்டிச் சதுப்பை நிரப்பினார்கள். குன்று இருந்த இடம் இன்று ராஃபிள்ஸ் பிளேஸ் என்ற வங்கிகளின் நடுமையம். நிரப்பிய கரைதான் போட் கீ. அந்தக் கரையோர வளைவு கெண்டை மீனின் வயிறு போல இருப்பதால் செல்வம் கொழிக்கும் என்று சீன வியாபாரிகள் நம்பினார்கள். நம்பிக்கை வீண்போகவில்லை. 1860களில் சிங்கப்பூரின் கப்பல் வியாபாரத்தில் நான்கில் மூன்று பங்கு இந்தச் சின்னக் கரையில்தான் நடந்தது.

ராஃபிள்ஸ் போட்ட வரைபடத்தில் ஒவ்வொரு சமூகத்துக்கும் ஓர் இடம் குறிக்கப்பட்டது. ஆற்றோரமாக ஓரிடத்தில் "சூலியா கம்பொங்" என்று இருந்தது. சூலியாக்கள் என்றால் சோழமண்டலக் கரையிலிருந்து போன தமிழ் பேசும் முஸ்லிம்கள். நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால் பக்கத்தவர்கள். நமது கொழும்பு, காலி, பேருவளைக் குடும்பங்கள் பலவற்றுக்குக் கொடுக்கல் வாங்கலும் கலியாண உறவும் இருந்த காயல்பட்டினம், கீழக்கரையிலிருந்து அதே கடற்கரை வழியே வடக்கே போனால் இவர்களின் ஊர்கள் வரும். சிங்களத்தில் நம்மை "மரக்கல" என்று சொல்வதை வசையாக எடுத்துக்கொள்பவர்கள் நம்மில் உண்டு. மரக்கலம் ஓட்டியவன் என்பதில் வசை என்ன இருக்கிறது? அதே மரக்கலத்தின் இன்னொரு கிளைதான் சிங்கப்பூர் ஆற்றில் போய் நங்கூரம் போட்டது.

பெரிய கப்பல்கள் ஆற்றுக்குள் வர முடியாது. வெளியே கடலில் நிற்கும். அங்கிருந்து சரக்கை இறக்கி ஆற்றுக்குள் கொண்டுவர அடிப்பாகம் அகன்ற பாரத்தோணிகள் வேண்டும். தொங்கான் என்று நமது பெரியவர்கள் சொல்வார்களே, அதுதான் அங்கே "டொங்காங்". ஆரம்ப காலத்தில் இந்தத் தொழிலைக் கையில் வைத்திருந்தவர்கள் சூலியாக்கள். அரிசி, மிளகு, கோப்பி, சவ்வரிசி எல்லாம் இவர்களின் தோணிகளில்தான் கரைக்கு வந்தன. கரையில் வரிசையாகக் கிட்டங்கிகள். நமது கிட்டங்கி, கிடங்கு என்ற சொல்தான் மலாய் வழியாகப் போய் ஆங்கிலேயரின் வாயில் "கோடவுன்" ஆனது என்று சொல்வார்கள். தோணிக்கும் கிட்டங்கிக்கும் நடுவே ஒரு பலகை. அந்தப் பலகையில் முதுகில் மூட்டையோடு ஏறி இறங்கும் கூலியாட்கள். ஒரு மூட்டைக்கு ஒரு குச்சி. மாலையில் குச்சியை எண்ணிக் கூலி.

இந்த உழைப்பிலிருந்து எழுந்தவைதான் சவுத் பிரிட்ஜ் வீதியில் 1826இல் தொடங்கிய சூலியா ஜாமிஆப் பள்ளிவாசலும், தெலோக் ஆயர் வீதியில் 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டிய நாகூர் தர்காவும். இரண்டும் இன்றும் நிற்கின்றன. அரசாங்கமே தேசிய நினைவுச்சின்னம் என்று அறிவித்துப் பாதுகாக்கிறது. சிங்கப்பூருக்குப் போகிறவர்கள் முஸ்தபா சென்டரில் கழிக்கும் நேரத்தில் ஒரு மணித்தியாலத்தை இங்கே கழித்தால் நல்லது. போட் கீயிலிருந்து நடந்தே போகலாம்.

19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் தொழில் கை மாறியது. சரக்குக்குச் சொந்தக்காரர்கள் சீன வியாபாரிகள் ஆனார்கள். தோணியும் அவர்களின் மொழி பேசும் ஆட்களின் கைக்குப் போனது. அவர்களுடைய தோணிக்குத் "துவாக்கோ" என்று பெயர். முன்பக்கத்தில் இரண்டு கண்கள் வரைந்திருக்கும். தோணி வழி பார்த்துப் போக வேண்டும் அல்லவா! சூலியாக்கள் கடை, நாணய மாற்று, கப்பல் சாமான் விநியோகம் என்று வேறு தொழில்களுக்கு நகர்ந்தார்கள். இதில் யாரும் யாரையும் சட்டம் போட்டு விரட்டவில்லை. தொழிலில் தோற்பது ஒன்று. தொழில் செய்யும் கரையே இல்லாமல் போவது வேறொன்று.

ஒரு சின்ன விடயம். 1869இல் ஆற்றின் வாயருகே கவெனா பாலம் கட்டப்பட்டது. பார்க்க அழகான இரும்புத் தொங்கு பாலம். ஆனால் தாழ்வாகக் கட்டிவிட்டார்கள். நீர் ஏறிய நேரத்தில் தோணிகள் அடியால் போக முடியாது. வற்றம் வரும்வரை காத்துக் கிடக்க வேண்டும். பாலம் போட்டவர்கள் தோணிக்காரர் ஒருவரிடமாவது கேட்டிருந்தால் இரண்டு முழம் உயர்த்தியிருப்பார்கள். திட்டம் போடும் மேசையில் தோணிக்காரருக்குக் கதிரை இல்லை என்பது நேற்று இன்று தொடங்கிய கதை அல்ல.

இனி அழுக்கைப் பற்றி. கறுப்பு வெள்ளைப் படத்தில் தெரியாத ஒன்று நாற்றம். 1970களில் சிங்கப்பூர் ஆறு உண்மையில் நாறியது. அதை மறைத்து, "அந்தக் காலம் எவ்வளவு அழகு" என்று எழுதுவது பொய்யாகிவிடும். ஆற்றோரம் நெருக்கியடித்த வீடுகளில் பலவற்றுக்கு வடிகால் இணைப்பு இல்லை. மலசலக் கழிவு நேரே ஆற்றில். ஆற்றுக்கு நீர் வரும் பகுதிகளில், காலாங் ஆற்றுப் பக்கமும் சேர்த்து, பன்றிப் பண்ணைகளும் வாத்துப் பண்ணைகளும் இருந்தன. தெருவோரச் சாப்பாட்டுக் கடைகளின் எச்சில் தண்ணீர், மரக்கறிச் சந்தைக் குப்பை, பட்டறைகளின் எண்ணெய் என்று எல்லாம் ஆற்றுக்குத்தான். தோணிகளிலிருந்தும் எண்ணெயும் குப்பையும் விழுந்தன.

1977 பெப்ரவரியில் ஒரு நீர்த்தேக்கத்தின் திறப்பு விழாவில் பிரதமர் லீ குவான் யூ ஒரு சவால் விட்டார். பத்து வருடத்தில் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன் பிடிக்கும் நிலை வர வேண்டும் என்றார். (அதே 1977 ஜூலையில்தான் இங்கே ஜே.ஆர். ஆட்சிக்கு வந்தார். சிங்கப்பூரைப் போல ஆக்குவோம் என்ற பேச்சு நமது நாட்டில் அரசியல் வசனம் ஆனது அந்தக் காலத்தில்தான். அடுத்த வருடமே நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும் வந்தது. ஆகவே இந்தக் கதை நமக்குத் தூரத்துக் கதை இல்லை.)

அவர் சொன்னபடியே 1987இல் வேலை முடிந்தது. கணக்கைப் பாருங்கள். சுமார் 26,000 குடும்பங்கள் இடம் மாற்றப்பட்டு, பெரும்பாலும் அரசாங்கத் தொடர்மாடி வீடுகளுக்குப் போயின. 610 பன்றிப் பண்ணைகளும் 500 வாத்துப் பண்ணைகளும் மூடப்பட்டன அல்லது அகற்றப்பட்டன. ஏறத்தாழ 2,800 சிறு பட்டறைகள் அப்புறப்படுத்தப்பட்டன. ஏறத்தாழ 5,000 தெருவோரக் கடைக்காரர்கள் கட்டடங்களுக்குள் கொண்டுபோகப்பட்டார்கள். சுமார் 800 தோணிகள் 1983இல் ஆற்றை விட்டுப் போய், மேற்கே கடலோரத்தில் உள்ள பாசிர் பாஞ்சாங்கில் கட்டப்பட்டன. ஆற்றின் அடியில் படிந்த சேறு தோண்டி எடுக்கப்பட்டது. மீன் திரும்பி வந்தது.

இது சாதாரண சாதனை அல்ல. ஒழுங்கான தண்ணீரும் கழிப்பறையும் இல்லாத குடிசையிலிருந்து குழாய்த் தண்ணீர் வரும் வீட்டுக்குப் போன ஒரு தாய்க்கு, பழைய ஆற்றங்கரையின் அழகைப் பற்றி நாம் பாடம் எடுக்கத் தேவையில்லை.

ஆனாலும் இந்தக் கணக்கில் நாம் நின்று பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. தெருவோரக் கடைக்காரர்களையும் தோணிக்காரர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரு தரப்பும் அழுக்குக்குக் காரணம் என்று சொல்லப்பட்டவர்கள். ஒரே அரசாங்கம், ஒரே பத்து வருடம். கடைக்காரர் விடயத்தில் அதிகாரிகள் தொழிலையும் அழுக்கையும் வேறு வேறாகப் பிரித்தார்கள். அழுக்கு வருவது தண்ணீர்க் குழாயும் வடிகாலும் இல்லாததால். ஆகவே குழாயும் வடிகாலும் கூரையும் உள்ள உணவு நிலையங்களைக் கட்டி, உள்ளே இருத்தினார்கள். தொழில் பிழைத்தது. பிழைத்தது மட்டுமல்ல, 2020 டிசம்பரில் அந்த உணவுக் கடைப் பண்பாட்டை யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. நாற்பது வருடத்துக்கு முன் தொந்தரவு என்று ஒதுக்கப்பட்டவர்கள் இன்று நாட்டின் பெருமை.

தோணிக்காரர் விடயத்தில் அந்தப் பிரிப்பு நடக்கவில்லை. அழுக்கும் தோணியும் ஒன்றாகவே எண்ணப்பட்டன. ஆற்றை நாறடித்ததில் பெரும்பங்கு மலசலக் கழிவுக்கும் பண்ணைகளுக்கும் உரியது. தோணியின் எண்ணெயையும் குப்பையையும் கட்டுப்படுத்த வழி இருந்திருக்கும். ஆனால் போகச் சொன்னது தோணியை.

ஏன் இந்த வித்தியாசம்? கடைக்காரர் நகரத்துக்குத் தினமும் சோறு போடுகிறார். அவர் இல்லாவிட்டால் அடுத்த நாளே எல்லோருக்கும் தெரியும். தோணிக்காரர் கொண்டுவருவது மூட்டை. மூட்டை எந்த வழியாக வந்தது என்று அரிசி வாங்கப் போகிறவர் கேட்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத தொழில்தான் முதலில் விரட்டப்படும்.

மறு பக்கத்தையும் சொல்ல வேண்டும். தோணிகளை ஆறு விரட்டுவதற்கு முன்னரே கொள்கலன் பெட்டி விரட்டத் தொடங்கிவிட்டது. 1972இல் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கொள்கலன் இறங்குதுறை திறக்கப்பட்டது. கப்பல் நேரே துறையில் வந்து நின்று, பாரந்தூக்கி பெட்டியைத் தூக்கி லொறியில் வைத்தால், நடுவில் தோணிக்கு என்ன வேலை? ஆகவே 800 தோணியும் இன்றுவரை ஓடியிருக்கும் என்று வாதிட முடியாது. சரக்குத் தோணித் தொழில் எப்படியும் சுருங்கியிருக்கும். ஆனால் ஆற்றங்கரை என்றால் சரக்குத் தோணி மட்டுமா? படகு கட்டுவது, பழுது பார்ப்பது, மரம், கரி, மணல், கல் இறக்குவது என்று எத்தனை வேலைகள். அவற்றுக்கு என்ன ஆனது என்பதுதான் நமது கேள்விக்கு நெருக்கமானது.

காலாங் ஆற்றின் வாயில் தஞ்சோங் ரூ என்று ஒரு முனை இருக்கிறது. படகு கட்டும் பட்டறைகளும் கரி வியாபாரிகளின் துறையும் இருந்த இடம். அண்டை நாட்டுக் காட்டு மரத்துக் கரி தோணியில் வந்து அங்கே இறங்கும். துப்புரவுத் திட்டத்தோடு அவையெல்லாம் வெளியேறின. 1990களில் அங்கே எழுந்தவை விலை உயர்ந்த தொடர்மாடி வீடுகள். சிங்கப்பூர் ஆற்றின் மேல்பகுதியில் கிட்டங்கிகளும் பட்டறைகளும் இருந்த ராபர்ட்சன் கீயிலும் அதே கதை. இன்று குடியிருப்புகளும் ஹோட்டல்களும். போட் கீயின் பழைய கடைவீடுகள் 1989இல் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்தன, அதனால் இடிபடவில்லை. சுவர் காப்பாற்றப்பட்டது; உள்ளே ரெஸ்டூரண்டுகள். கிளார்க் கீ 1993இல் கேளிக்கை வளாகமாகத் திறக்கப்பட்டது.

வீடு வருவதால் தொழிலுக்கு என்ன கேடு, இரண்டும் பக்கத்தில் இருக்கலாமே என்று கேட்பீர்கள். இருக்கலாம், ஆனால் தானாக இருக்காது. காரணம் எளிது. ஒரு துறை நாளாந்தம் கொஞ்சம் கொஞ்சமாகச் சம்பாதிக்கும். அதே காணியில் இருபது மாடி எழுப்பினால் ஒரே தடவையில் பல மடங்கு. காணிச் சொந்தக்காரருக்குத் துறையைப் பூட்டிப் போட்டுவிட்டு, "பாருங்கள், யாரும் பாவிக்கவில்லை, வீடு கட்ட அனுமதி தாருங்கள்" என்று காத்திருப்பதே இலாபம். ஒரு துறை விழுந்ததும் பக்கத்துத் துறைக்குச் சிக்கல். புதிதாகக் குடிவந்தவர் விடியற்காலை எஞ்சின் சத்தத்துக்கு முறைப்பாடு செய்வார். மீன் வாடையைப் பற்றி மனுப் போடுவார். அவர் கெட்டவர் அல்ல. பல வருடக் கடனில் வீடு வாங்கியவர். ஆனால் அந்த முறைப்பாட்டுக்கு முன் நூறு வருடத் துறை நிற்காது.

பிறகு திரும்பவும் முடியாது. சிங்கப்பூரில் அது கல்லாலும் இரும்பாலும் முடிந்த விடயம். 2008இல் மரீனா வாய்க்காலின் குறுக்கே அணை திறக்கப்பட்டு, ஆற்றின் வாய் கடலிலிருந்து அடைக்கப்பட்டது. பொங்குமுகம் இப்போது குடிநீர்த் தேக்கம். நன்னீர்ப் பஞ்சத்தில் தவிக்கும் தீவுக்கு அது நல்ல முடிவு என்றே நினைக்கிறோம். ஆனால் கடலிலிருந்து ஒரு தோணி ஆற்றுக்குள் வரும் வழி அதோடு மூடப்பட்டது. இன்று ஆற்றில் ஓடும் தோணிகள் உல்லாசப் பயணிகளை ஏற்றி உள்ளுக்குள்ளேயே சுற்றுகின்றன. கரையில் வெண்கலச் சிலைகள்: பேரம் பேசும் வியாபாரிகள், மூட்டை ஏற்றும் கூலியாட்கள், ஆற்றில் குதிக்கும் சிறுவர்கள். வேலை செய்தவர்கள் போன பிறகு அவர்கள் வேலை செய்வது போலச் சிலை வைப்பதில் ஏதோ ஒன்று நெஞ்சை உறுத்துகிறது. அந்தக் கரையில் சூலியாத் தோணிக்காரரை நினைவூட்டுவதற்குப் பக்கத்தில் ஒரு வீதியின் பெயர் இருக்கிறது, சூலியா வீதி. வங்கிக் கட்டடங்களுக்கு நடுவில் ஓடும் சின்ன வீதி.

நகரம் வளர்ந்தால் இதுதான் விதி என்று நினைத்துவிட வேண்டாம். சிங்கப்பூரை ஆண்டவர்களின் தலைநகரத்தையே பாருங்கள். இலண்டனும் ஒரு காலத்தில் இதையேதான் செய்தது, அதைவிடப் பெரிதாக. 1967க்கும் 1981க்கும் இடையில் அதன் பழைய கப்பல் தொட்டிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அந்த நிலத்தில் அலுவலகக் கோபுரங்களும் ஆடம்பர வீடுகளும் எழுந்தன. தேம்ஸ் ஆற்றின் ஓரத்தில் மிச்சமிருந்த துறைகளும் வீட்டு வியாபாரிகளின் கைக்குப் போய்க்கொண்டிருந்தபோது, 1990களில் ஒரு யோசனை வந்தது. இப்படியே போனால் நகரத்துக்கு மணலும் சல்லிக்கல்லும் சீமெந்தும் எந்த வழியாக வரும்? குப்பை எந்த வழியாகப் போகும்? லொறியில் என்றால் கணக்குப் போடுங்கள். ஒரு பாரப்படகு 1,000 தொன் ஏற்றும் என்று வைத்துக்கொள்வோம். லொறிக்கு 20 தொன் என்றால் 50 லொறிகள் வீதிக்கு இறங்க வேண்டும். புது வீடு கட்டுவதற்கே மணல் வேண்டும். அந்த மணல் இறங்கும் துறையை இடித்து வீடு கட்டினால் வேடிக்கைதான்.

1997இலிருந்து சில துறைகளைப் "பாதுகாக்கப்பட்ட துறைகள்" என்று அரசாங்கம் அறிவித்தது. இன்று அப்படி ஐம்பது அளவில் இருக்கின்றன. அந்தக் காணியில் வேறு எதையும் கட்ட வேண்டுமானால், சரக்கு இறக்க அந்த இடம் இனி உதவாது, உதவும்படி ஆக்கவும் முடியாது என்று நிரூபிக்க வேண்டும். பூட்டிப் போட்டுவிட்டு "யாரும் பாவிக்கவில்லை" என்று சொல்வது போதாது. கிழக்கு இலண்டனில் பெருவியன் துறை என்று ஒன்று பல வருடம் வெறுமையாகக் கிடந்தது. வீடு கட்டும் எண்ணத்தோடு காணிக்காரர்கள் இழுபறிப்பட்டார்கள். பாதுகாப்பு விலக்கப்படவில்லை. கடைசியில் 2016இல் துறைமுக அதிகார சபையே காணியை வாங்கி, மீண்டும் சரக்குத் துறையாக்கியது.

எங்களுக்கு மிகவும் பிடித்தது வால்புரூக் துறை. இலண்டனின் பணக்கார வங்கி வட்டாரத்துக்குள்ளேயே, ஆற்றோரத்தில் இருக்கிறது. அந்த வட்டாரத்தின் குப்பை அங்கே பெட்டிகளில் அடைக்கப்பட்டு, பாரப்படகில் ஏறி, ஆற்று வழியே கீழே எரியுலைக்குப் போகிறது. மக்கள் நடக்கும் ஆற்றோரப் பாதை அந்தத் துறையின் ஊடாகவே போகிறது. பாரந்தூக்கி வேலை செய்யும் நேரத்தில் பாதையின் கதவை மூடிவிடுவார்கள். நடப்பவர்கள் காத்திருப்பார்கள் அல்லது சுற்றிப் போவார்கள். வேலை முடிந்ததும் கதவு திறக்கும். கோட்டும் சூட்டும் போட்டவர் குப்பைப் படகுக்காகக் காத்து நிற்கிறார். நடைபாதையும் இருக்கிறது, தொழிலும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு, அவ்வளவுதான்.

இன்னொரு விதியும் அங்கே வந்திருக்கிறது. 2018இலிருந்து இங்கிலாந்தின் திட்டமிடல் கொள்கையில் சேர்ந்தது. ஏற்கெனவே இயங்கும் தொழிலுக்குப் பக்கத்தில் புதிதாக வீடு கட்டுபவர்தான், அந்தச் சத்தத்தையும் தூசியையும் சமாளிக்கும் ஏற்பாட்டைச் செய்ய வேண்டும். இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போடுவதா, படுக்கையறையை மறு பக்கம் திருப்புவதா, அது கட்டுபவரின் செலவு. முன்னால் இருந்தவரை மூடச் சொல்ல முடியாது. பின்னால் வந்தவர் முன்னால் இருந்தவரை அனுசரிப்பது என்பது நமது பெரியவர்களுக்குப் புதிய சட்டமாகத் தெரியாது.

இலண்டன் எல்லாவற்றையும் காப்பாற்றிவிட்டது என்று நாம் சொல்லவில்லை. இழந்ததுதான் அதிகம். ஆனால் மிச்சத்தையாவது எழுதி வைத்துக் காத்தார்கள். எழுதி வைத்தது வீட்டுத் திட்டம் வந்த பிறகு அல்ல, வருவதற்கு முன்பு. அதுதான் சிங்கப்பூருக்கும் இலண்டனுக்கும் உள்ள வித்தியாசம்.

இங்கே நமது நாட்டிலும் உதாரணம் இல்லாமல் இல்லை. கொழும்பு பேரே வாவியைச் சுற்றி இன்று கோபுரங்கள் நிற்கின்றன. ஒரு காலத்தில் வாவிக்கரைக் கிட்டங்கிகளிலிருந்து தேயிலைப் பெட்டிகள் பாதைப்படகில் ஏறி, கால்வாயும் நீர்ப்பூட்டும் வழியாகத் துறைமுகத்துக்குப் போயின. இன்று வாவியில் அன்னப் படகு மிதிக்கும் பிள்ளைகளுக்கு அது தெரியாது. கொம்பனித்தெருவில் தொழிலும் வீடும் ஒன்றாக இருந்த நமது மக்கள், மாடி வீடு கிடைத்த பிறகு இடியப்பம் அவித்து விற்க முற்றம் இல்லாமல் தவிப்பதை நேரில் பார்த்தவர்கள் இந்தக் குழுக்களிலேயே இருக்கிறீர்கள்.

ஆகவே நமது ஊர் விடயத்துக்கு வருவோம். ஆற்றங்கரைத் திட்டம் வருமானால் நாம் எதிர்க்கத் தேவையில்லை. கழிவுநீர் ஆற்றில் விழுவது நிற்க வேண்டும். பிள்ளைகளும் வயதானவர்களும் காற்று வாங்க ஓர் இடம் வேண்டும். வீடில்லாதவருக்கு வீடு வேண்டும். ஆனால் வரைபைக் கையில் வாங்கியதும் நடைபாதையின் நீளத்தை அல்ல, வள்ளம் கரையேற்றும் சரிவு எங்கே குறிக்கப்பட்டிருக்கிறது என்பதை முதலில் தேடுங்கள். குறிக்கப்படவில்லை என்றால் அது இல்லை என்றுதான் அர்த்தம். பிறகு பார்த்துக்கொள்வோம் என்பவரின் "பிறகு" வராது. விடியற்காலை நான்கு மணிக்கு மீன் இறக்கும் உரிமை எழுத்தில் இருக்கிறதா? புதிதாக வருபவரின் விற்பனை உறுதியில், பக்கத்தில் மீன் வாடி இருக்கிறது, அது இருக்கும் என்று ஒரு வரி சேர்க்க முடியுமா? மரக்காலைக்காரருக்கு மாற்றுக் காணி என்றால், அந்தக் காணி தண்ணீர் ஓரத்தில்தானா, அல்லது உள்ளுக்குள் மூன்று மைல் தள்ளியா? ஆற்றுத் தோணியை 1983இல் கடலோரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டியதை மாற்றிடம் என்றுதான் தாளில் எழுதினார்கள்.

நகர அபிவிருத்தித் திட்டத்தின் வரைபைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்பது நமது நாட்டுச் சட்டத்திலேயே உள்ள நடைமுறை. பெரும்பாலும் யாரும் போய்ப் பார்ப்பதில்லை. பார்க்கப் போகிறவர்களும் காணி உறுதியோடு போகிறவர்கள்தான். வள்ளக்காரரிடம் உறுதி இல்லை. தலைமுறை தலைமுறையாகக் கட்டிய கயிற்றுத் தடம் மட்டும்தான் இருக்கிறது. அவருக்காக எழுதிக் கொடுக்க நாங்கள் ஆசிரியர்கள் சிலர் தயாராக இருக்கிறோம். மனு எழுதுவது, வரைபடம் வாசித்துச் சொல்வது, இரண்டையும் செய்வோம்.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. நமது ஆற்றில் எந்தத் துறை எங்கே இருந்தது, யார் எந்தத் தொழில் செய்தார்கள் என்று எழுத்தில் எதுவும் இல்லை. ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஒரு வரைபடம் தயாரிக்கத் தொடங்கியிருக்கிறோம். உங்கள் வாப்பா, மூத்தவாப்பா காலத்துத் துறைப் பெயர்கள், வள்ளத்தின் பெயர்கள், பழைய பற்றுச்சீட்டு, படம், எது இருந்தாலும் அனுப்புங்கள். அசல் வேண்டாம், தொலைபேசியில் எடுத்த படம் போதும். சிங்கப்பூருக்கோ பினாங்குக்கோ கப்பல் ஏறிப் போன உறவினர் யாருக்கும் இருந்தால் அதையும் சொல்லுங்கள். எழுதத் தெரியாத மூத்தவர்கள் வீட்டில் இருந்தால் சொல்லியனுப்புங்கள், வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு பிள்ளைகளோடு வந்து கேட்டு எழுதிக்கொள்வோம்.